‘அங்குர்’ படத்தின் சூர்யா லட்சுமியை நேசித்தானா?

கேள்வி: ஷியாம் பெனகலின் ‘அங்குர்’ பார்த்தேன். பண்ணையார் மகன் சூர்யா லட்சுமியை உண்மையாகவே நேசித்தானா, இல்லை அது வெறும் அதிகாரமா? வேலை கேட்டு வரும் அவள் கணவனை ஏன் அவ்வளவு வெறியோடு அடிக்கிறான்? கடைசியில் ஒரு சிறுவன் கல்லெறிவது ஒட்டவைத்த முடிவாகத் தெரிகிறதே?

சூர்யாவுக்கு லட்சுமி மேல் பிரியம் இருந்தது என்றே நான் நம்புகிறேன். அதைப் பொய் என்று தள்ளிவிட்டால் படம் மிகவும் சுலபமாகிவிடும். கெட்ட பண்ணையார், ஏமாந்த ஏழைப் பெண் என்ற கதையை இந்தியத் திரைப்படங்கள் 1974க்கு முன்பே பலமுறை சொல்லிவிட்டன. ‘அங்குர்’ ஐம்பது ஆண்டுகள் கழித்தும் பார்ப்பவரை உறுத்துவது வேறு காரணத்தால். அவனுடைய பிரியம் மெய்யாக இருந்தும், அதை நம்பி லட்சுமியால் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூட உறுதி பெற முடியவில்லை. அவனுக்கு வேண்டியிருக்கும்வரை அவள் அந்த வீட்டில் இருக்கலாம். வேண்டாம் என்றானதும் வெளியே போக வேண்டும். எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று தீர்மானிக்கிற உரிமை முழுவதும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் முளைக்கிற அன்பு என்னவாகும் என்பதைத்தான் பெனகல் இரண்டு மணி நேரம் நிதானமாகக் காட்டுகிறார்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். ஹைதராபாத் நகரத்தில் படித்துவிட்டு வருகிறான் சூர்யா. மேலே படிக்க ஆசை. அப்பா விடவில்லை. இன்னும் பருவமெய்தாத சரு என்ற சிறுமியை அவனுக்கு மணமுடித்து வைத்து, கிராமத்து நிலங்களைப் பார்த்துக்கொள்ளும்படி தனியாக அனுப்பிவிடுகிறார். அங்கே பண்ணை வீட்டை ஒட்டிய குடிசையில் லட்சுமியும் அவள் கணவன் கிஷ்டய்யாவும் இருக்கிறார்கள். கிஷ்டய்யா குயவர், காது கேளாதவர், பேச இயலாதவர். அலுமினியப் பாத்திரங்கள் வந்தபின் மண்பானை வாங்க ஆளில்லாமல் போய், குடியில் விழுந்தவர். லட்சுமி வீட்டு வேலை செய்கிறாள். அவளுடைய ஒரே வேண்டுதல் ஒரு குழந்தை. கள் திருடிப் பிடிபட்ட கிஷ்டய்யாவை ஊர் முன்னால் அவமானப்படுத்துகிறார்கள். அவன் ஊரைவிட்டே போய்விடுகிறான். அதன் பிறகு சூர்யாவும் லட்சுமியும் சேர்கிறார்கள். சரு வயதுக்கு வந்து கணவன் வீட்டுக்கு வருகிறாள். கர்ப்பமாக இருக்கும் லட்சுமி வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். கிஷ்டய்யா திரும்பி வருகிறான். மீதி நீங்கள் கேள்வியில் சொன்னதுதான்.

அதிகாரம் இந்தப் படத்தில் எப்படி நுழைகிறது என்று கவனியுங்கள். அது சவுக்கோடு வருவதில்லை; தேநீர் கேட்டு வருகிறது. ஊர் வழக்கப்படி பண்ணையாருக்குச் சாப்பாடு கோயில் பூசாரி வீட்டிலிருந்து வர வேண்டும். சூர்யா அதை மறுத்து, லட்சுமியே சமைக்கட்டும், அவளே தேநீர் போடட்டும் என்கிறான். தன் சாதியை நினைத்து அவள் தயங்குகிறாள். எனக்குச் சாதியில் நம்பிக்கை இல்லை என்கிறான் அவன். பூசாரிக்கு மனத்தாங்கல். நமக்கோ அந்த இளைஞன்மேல் ஒரு மரியாதை பிறக்கிறது. பிறக்கத்தான் வேண்டும் என்று இயக்குநர் விரும்புகிறார். ஏனென்றால் அந்த நேரத்தில் சூர்யா பொய் சொல்லவில்லை. ஆனால் அவள் தயங்குவதற்கும் சரி, இசைவதற்கும் சரி, அங்கே இடமே இருக்கவில்லை. எஜமான் சாதியை விடச் சொன்னால் விட வேண்டும். நாளை எஜமானின் மனைவி வந்து அதே சாதியைத் திரும்ப எடுத்தால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். லட்சுமியின் சாதி எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பதும்கூட அந்த வீட்டார் தீர்மானிக்கிற விஷயமாகிவிடுகிறது. இந்தக் காட்சியை முதல்முறை பார்ப்பவர்கள் சீர்திருத்தமாகப் பார்க்கிறார்கள். முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறை பார்த்தால் அதே காட்சி வயிற்றைப் பிசைகிறது.

இதோடு சூர்யாவின் அப்பாவையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் என்ன சொல்கிறது என்பது பிடிபடும். பலர் அவரைக் கடந்துபோய்விடுகிறார்கள். அவருக்குக் கௌசல்யா என்றொரு துணைவி உண்டு, பிரதாப் என்ற மகனும் உண்டு. ஊரறிந்த உறவு. கௌசல்யாவுக்கு நல்ல நிலமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். சூர்யா இதை வெறுக்கிறான். தன் அம்மாவுக்கு நேர்ந்த அநியாயமாகப் பார்க்கிறான். அந்த வெறுப்பு நியாயமானதுதான். அதிகாரம் கைக்கு வந்ததும் அவன் செய்கிற முதல் காரியங்களில் ஒன்று, கௌசல்யாவின் வயலுக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவது. பிறகு அவனே ஒரு பெண்ணைத் தேடிப் போகிறான். ஊரார் என்ன எதிர்பார்க்கிறார்கள்? அப்பா செய்தது போல இவனும் லட்சுமிக்கு ஒரு துண்டு நிலம் எழுதிக் கொடுத்துவிடுவான் என்று பேசிக்கொள்கிறார்கள். ஊர்க் காவல் பொறுப்பிலிருக்கும் போலீஸ் பட்டேல் ஷேக் சாந்துக்கும் அதே எண்ணம். சூர்யா ஒன்றும் கொடுக்கவில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்ற வாய்வார்த்தையோடு சரி. அவள் கர்ப்பமானதும் கலைத்துவிடச் சொல்கிறான்.

எனக்கு இதுதான் இந்தப் படத்தின் மையம். பழைய பண்ணையாரிடம் ஒரு கணக்கு இருந்தது. கொடுமையான கணக்குதான், ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு ஏக்கரில் விலை வைத்த கணக்கு, மனைவியை வாய் மூட வைத்த கணக்கு. ஆனாலும் தான் செய்ததை ஊருக்கு முன்னால் தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிற கட்டாயம் அதில் இருந்தது. படித்த மகனிடம் சமத்துவம் பேசும் மொழி இருக்கிறது, அந்தக் கட்டாயம் இல்லை. சாதி இல்லை என்று சொன்னவனுக்குச் சாதி வழக்கம் சுமத்திய பொறுப்பும் இல்லாமல் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எந்தப் பொறுப்பையும் அவன் வைத்துக்கொள்ளவில்லை. அப்பாவை நல்லவராக்க நான் இதைச் சொல்லவில்லை. படமும் அப்படிச் சொல்லவில்லை. சூர்யாவை அப்பாவைவிட மேலானவன் என்று நாம் நினைத்துவிடக் கூடாது என்பதில் பெனகல் மிகவும் கறாராக இருக்கிறார். நவீனம் பேசும் ஆண்களைப் பற்றி அன்றைய ஹிந்திப் படங்களில் இவ்வளவு நேராகப் பேசிய இன்னொரு படம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அப்பா முன்னால் சூர்யா எப்படி நிற்கிறான் என்பதையும் பாருங்கள். மேல்படிப்பு வேண்டும் என்று கேட்டு அடங்கிப்போனவன், மணம் வேண்டாம் என்று சொல்ல முடியாமல் போனவன். தண்ணீர் விஷயத்துக்காக அப்பா வந்து அதட்டும்போது சிறு பிள்ளை போலக் குறுகிப் போகிறான். மேலே இருப்பவரிடம் பட்ட அவமானத்தைக் கீழே இருப்பவர்கள்மேல் இறக்குகிறான். சருவும் அப்படியே. தன் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல உரிமையில்லாத சிறுமி அவள். ஆனால் அந்த வீட்டின் அடுப்படிக்குள் வந்ததும் ஒரே வார்த்தையில் லட்சுமியை வெளியேற்ற அவளால் முடிகிறது. அவளையும் நான் கெட்டவளாகப் பார்க்கவில்லை. தன் வீட்டில் என்ன நடந்தது என்று ஊர்ப்பேச்சு வழியாகத் தெரிந்துகொண்டு, அதைக் கணவனிடம் கேட்க முடியாமல், கேட்க முடிந்த ஒரே ஆளிடம் காட்டுகிறாள். பிரியா தெண்டுல்கர் அந்தச் சின்ன வேடத்தை மிகுந்த நிதானத்தோடு செய்திருக்கிறார்.

லட்சுமியை ஏமாற்றப்பட்ட அப்பாவி என்று சுருக்குவதையும் நான் ஏற்க மாட்டேன். அவளுக்கு ஆசைகள் உண்டு. குடிகாரக் கணவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பிள்ளை வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டவள் அவள். நகரத்திலிருந்து வந்த இளைஞன் தன்னை ஒரு மனுஷியாகப் பார்த்துப் பேசுகிறான். அவள் மனம் இளகுவதில் என்ன வியப்பு? படம் அவளுடைய விருப்பத்தை மறைக்கவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. தண்டிப்பது ஊர். நடுவில் வருகிற ராஜம்மாவின் பஞ்சாயத்தை நினைத்துப் பாருங்கள். கணவனை விட்டுவிட்டு வேறு சாதி ஆணோடு போன பெண் அவள். தன் தரப்பைக் கூசாமல் சொல்கிறாள். கணவனோடு போய் இரு என்று பெரியவர்கள் தீர்ப்பளிக்கிறார்கள். மறுநாள் அவள் உயிரோடு இல்லை. அந்த ஊரில் அதே காரியத்தைச் செய்த ஆண்கள் நிலத்தோடும் மதிப்போடும் இருக்கிறார்கள் என்பதைப் பெனகல் வசனம் வைத்துச் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கிஷ்டய்யா திரும்பி வந்ததும் லட்சுமிக்கு ஏற்படும் குற்ற உணர்வும் இதனால்தான் நெஞ்சைத் தொடுகிறது. குடியை விட்டு, கொஞ்சம் காசும் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் வயிற்றைப் பார்க்கிறான். கோபம் இல்லை, சந்தேகம் இல்லை. நேராக அம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிடுகிறான். அவன் உண்மையை அறியாமல் மகிழ்கிறானா, அறிந்தும் ஏற்றுக்கொள்கிறானா என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. முதலாவதுதான் என்பது என் வாசிப்பு. அவனுக்கு வாய் பேச வராது என்பதைச் சிலர் மலிவான உருவகம் என்கிறார்கள். பேச முடியாத மக்களின் அடையாளமாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் சைகைகளை முழுமையாகப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் லட்சுமி. அந்த இருவருக்கும் நடுவே பண்ணை வீட்டுக்குப் புரியாத ஒரு பேச்சு இருக்கிறது. சூர்யாவுக்கும் லட்சுமிக்கும் நடுவே எவ்வளவோ வார்த்தைகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட நிலைக்கவில்லை. சாது மெஹர் இந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார், படம் முழுக்க ஒரு வசனம்கூடப் பேசாமல்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கிஷ்டய்யா கையில் கம்போடு வருகிறான். மறுபடி மாட்டுவண்டி ஓட்ட வேலை கேட்பதற்காக வருகிறான். பிள்ளை பிறக்கப்போகிறது, சம்பாதிக்க வேண்டும். சூர்யாவின் கண்ணுக்குக் கம்பு மட்டும்தான் தெரிகிறது. பழிவாங்க வந்துவிட்டான் என்று பதறி, ஆட்களை விட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கயிற்றை எடுத்து விளாசுகிறான். அதைச் செய்வது கோபம் என்பதைவிடப் பயம். தான் செய்தது குற்றம் என்று அவன் மனத்துக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை, கணவனே நன்றியோடு வருகிறான். குற்றம் சாட்டுகிற ஒரே ஆள் அவன் நெஞ்சுக்குள் இருக்கிறான், அவனை வாயடைக்க வழியில்லாமல் வெளியே வந்தவனை அடிக்கிறான்.

இந்தப் பயத்துக்கு ஊர் வரலாறும் உண்டு. கதை நடப்பது தெலங்கானா மண்ணில். நிஜாம் ஆட்சியில் அங்கே ஜாகீர்தார்கள், தேஷ்முக்குகள் எனப்பட்ட பெரும் நிலப்பிரபுக்கள் ஆயிரக்கணக்கான ஏக்கர்களை வைத்திருந்தார்கள். கூலி இல்லாமல் உழைப்பு வாங்கும் வெட்டி முறை ஊர்தோறும் இருந்தது. பண்ணையார்களைத் ‘தொர’ என்றும் அவர்களுடைய மாளிகைகளை ‘கடி’ என்றும் மக்கள் சொன்னார்கள். 1946 ஜூலையில் கடவெண்டி கிராமத்தில் தேஷ்முக்கின் ஆட்கள் தொட்டி கொமரய்யா என்ற விவசாயச் சங்கத்தவரைச் சுட்டுக் கொன்றதும் விவசாயிகளின் எழுச்சி பரவியது. 1951வரை நீண்ட அந்தப் போராட்டத்தில் பல ஊர்களில் நிலப்பிரபுக்கள் மாளிகைகளை விட்டு ஓடினார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து நிஜாம் ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டே ஜாகீர் முறை ஒழிக்கப்பட்டது. ஆனாலும் தப்பியோடிய பண்ணையார்கள் பலர் திரும்பி வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இதில் ஒன்றையும் படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்த மண்ணில் வளர்ந்த ஒரு பண்ணையார் மகன், கீழே இருப்பவன் கையில் கம்பைப் பார்த்தால் என்ன நினைப்பான் என்பது அங்குள்ளவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். பெனகலுக்கும் விளங்கியிருக்கும். அவர் 1934இல் செகந்திராபாதை ஒட்டிய திருமலகிரியில் பிறந்தவர். உண்மையில் நடந்த ஒரு சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது இந்தக் கதை. பம்பாயில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஆண்டுகளிலெல்லாம் இதை மனத்தில் சுமந்துகொண்டிருந்தார். கடைசியில் பணம் போட்டதும் விளம்பரப் படங்களைத் திரையரங்குகளுக்கு விநியோகித்துவந்த பிளேஸ் நிறுவனம்தான்.

மொழியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வசனம் சத்யதேவ் துபே எழுதியது. பாத்திரங்கள் பேசுவது பம்பாய்ப் படங்களின் ஹிந்தி அல்ல, ஹைதராபாத் பக்கத்து உருது வழக்கான தக்கினி. எழுத்துகளாக ஓடும் மொழிபெயர்ப்பை மட்டும் படித்துப் பார்த்தால் இதன் சுவை போய்விடும். லட்சுமியின் பேச்சில் இருக்கும் இழுப்பையும், சூர்யா அதிகாரம் காட்டும்போது குரல் மாறுவதையும் காது கொடுத்துக் கேளுங்கள். அந்த மொழியே அவர்களுக்கு நடுவே உள்ள படிக்கட்டைச் சொல்லிவிடும். கோவிந்த் நிஹலானியின் ஒளிப்பதிவும் அப்படித்தான். வெளியே பளீரென்ற பச்சை வயல், உள்ளே பண்ணை வீட்டின் மங்கிய அறைகள். லட்சுமியாக நடித்த ஷபானா ஆஸ்மிக்குத் திரைக்கு வந்த முதல் படம் இது. சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. கிராமத்துச் சூழலுக்கு அவர் சட்டென்று பொருந்தாதவராகத் தோன்றலாம் என்று சத்யஜித் ராய் எழுதினார். ஆனால் உச்சக் காட்சிகளில் நாட்டின் மிகச் சிறந்த நடிகைகளில் ஒருவராக நிலைபெற்றுவிடுகிறார் என்றும் அதே மூச்சில் எழுதினார். இரண்டுமே சரி என்பது என் கருத்து. அனந்த் நாகுக்கும் ஹிந்தியில் இது முதல் படம். சூர்யாவை வெறுக்கத் தக்கவனாக மட்டும் ஆக்காமல், பரிதாபத்துக்கும் அருவருப்புக்கும் நடுவே நிறுத்தியது அவருடைய சாதனை. படத்துக்கு இரண்டாவது சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. அதே ஆண்டு பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவிலும் இடம்பெற்றது.

கடைசியில் அந்தக் கல். அடிபட்ட கணவனை நோக்கி லட்சுமி ஓடி வருகிறாள். அவன்மேல் விழுந்து அரற்றிவிட்டு, சூர்யாவைப் பார்த்துச் சபிக்கிறாள். நாங்கள் உன் அடிமைகள் அல்ல, உன் வேலை எங்களுக்கு வேண்டாம் என்ற பொருளில் அவள் பேசுவது படத்தின் உண்மையான முடிவு. அதுவரை வேலை, சோறு, நிழல் எல்லாவற்றையும் அந்த வீட்டிலிருந்து பெற்றவள் முதன்முறையாக அவை வேண்டாம் என்று சொல்கிறாள். கதையின் தொடக்கத்தில் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இடமே இருக்கவில்லை என்றேன் அல்லவா? அந்த இடத்தை அவள் இப்போது தானாகவே எடுத்துக்கொள்கிறாள். பிறகு எல்லாரும் கலைந்து போகிறார்கள். ஒரு சிறுவன் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் கல்லை எறிந்துவிட்டு ஓடுகிறான். திரை சிவப்பாகிறது.

ஒட்டவைத்தது போல இருக்கிறது என்று நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சிவப்பு எனக்குத் தேவையற்றதாகவே தோன்றுகிறது. லட்சுமியின் குரலுக்குப் பிறகு நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல் இருக்கட்டும் என்பேன். 1960களின் இறுதியில் ஸ்ரீகாகுளத்து மலைப்பகுதியில் நிலப்பிரபுக்களுக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி நடந்து ஒடுக்கப்பட்டிருந்தது. 1973இல் ஆந்திரப் பிரதேச அரசு புதிய நில உச்சவரம்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தக் காலத்துப் பார்வையாளனுக்கு ஒரு பண்ணையாரின் ஜன்னல் உடைவது கற்பனையாகத் தெரிந்திருக்காது. மேலும் எறிகிறவன் ஒரு சிறுவன் என்பதால் அது புரட்சியாகவும் ஆகிவிடவில்லை. எறிந்துவிட்டு ஓடுகிறான், நின்று எதிர்க்கிற வயதோ பலமோ அவனுக்கு இல்லை. பெனகல் அதற்கு மேல் வாக்குறுதி எதுவும் தரவில்லை.

அந்தக் கல்லுக்கு அப்புறம் என்ன என்று உங்களுக்குத் தோன்றினால், அடுத்த ஆண்டே அவர் எடுத்த ‘நிஷாந்த்’ பாருங்கள். அதுவும் தெலங்கானா, அதுவும் பண்ணையார் குடும்பம். அங்கே பள்ளி ஆசிரியரின் மனைவியைப் பலவந்தமாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிரியத்தின் பூச்செல்லாம் கிடையாது. ஊர் திரண்டு எழும்போது அந்தப் பெண்ணும் சேர்ந்தே சாகிறாள். எனக்கு ‘அங்குர்’ தான் இன்னும் பெரிய படம். இரண்டையும் ‘அங்குர்’ முதலில் வரும்படி பாருங்கள்.